ஆரம்பப்பிரிவில் இணைப்பாடவிதானம்: எல்லாப் பிள்ளைக்கும் ஏதாவது கிடைக்க வருடத்தை எப்படி ஒழுங்கு செய்யலாம்?

சிறுதுளி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் வலிகாமத்தில் தரம் 1 தொடக்கம் 5 வரை மட்டும் உள்ள ஒரு சின்னப் பாடசாலை. மொத்தம் 92 பிள்ளைகள். தரம் 1, 2 இல் 34 பேர், தரம் 3, 4, 5 இல் 58 பேர். அதிபரோடு சேர்த்து 7 ஆசிரியர்கள். வரும் முதலாம் தவணையில் இருந்து இணைப்பாடவிதானப் பொறுப்பு, அதாவது பாடத்துக்கு வெளியே நடக்கும் செயற்பாடுகளின் பொறுப்பு, என்னிடம்.

இப்போது நடப்பது இதுதான். இல்ல மெய்வல்லுநர் போட்டி, தமிழ்த்தினம், வாணி விழா, ஒளிவிழா, சிறுவர் தினம் என்று நிகழ்ச்சி வந்தால் இரண்டு கிழமை அவசரமாகப் பழக்குகிறோம். மேடையில் வருவது அதே எட்டோ பத்தோ பிள்ளைகள். பேச்சும் அவர்கள், நடனமும் அவர்கள், மாணவர் தலைவர் சின்னமும் அவர்களுக்கு. மற்றப் பிள்ளைகள் ஐந்து வருடமும் கீழே இருந்து கைதட்டிவிட்டுப் போகிறார்கள்.

நேரசூசியில் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் தரலாம் என்று அதிபர் சொல்கிறார். காசு என்று பெரிதாக இல்லை. ஒரு கிணறு, கொஞ்சம் செம்மண் நிலம், 60 மீற்றர் அளவில் ஒரு மைதானம், பின்பக்கம் வடலிகள் (இளம் பனைகள்) உண்டு. எங்கே தொடங்குவது? எதை விட்டுவிடலாம்? செய்து பழகியவர்கள் விபரமாகச் சொல்லுங்கோ.

---

வடலி

நிகழ்ச்சியில் இருந்து தொடங்காதீர்கள், பெயர்ப்பட்டியலில் இருந்து தொடங்குங்கோ. ஒரு சீ.ஆர் கொப்பி (தடித்த அட்டைப் பெரிய கொப்பி) போதும். இடப்பக்கம் 92 பெயரும் கீழ்நோக்கி. குறுக்கே ஆறு நிரல்: பேச்சும் பாட்டும், கைவேலை, ஓடி ஆடும் விளையாட்டு, தோட்டம், வாசிப்பு, பொறுப்பு. பிள்ளை ஒன்றில் பங்குபற்றினால் அந்தக் கட்டத்தில் திகதியை எழுத வேண்டும். சரி அடையாளம் போடக்கூடாது. அடையாளம் எப்போது போட்டது என்று தெரியாது. தவணை முடிவில் ஒரே இருப்பில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டால் கொப்பி வடிவாக இருக்கும், ஆனால் ஒன்றையும் காட்டாது. திகதி எழுதினால் அப்படி நிரப்ப மனம் வராது.

ஒரேயொரு விதி வையுங்கோ: ஒரு நிரலில் எல்லாப் பெயருக்கும் ஒரு திகதி விழும்வரை எந்தப் பெயருக்கும் இரண்டாவது திகதி இல்லை. நாலாம் கிழமையும் எட்டாம் கிழமையும் கொப்பியைத் திறந்து வெறும் கட்டங்களைப் பாருங்கோ. யார் தவறிப்போகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். சத்தம் போடும் பிள்ளையை எல்லாரும் காண்கிறோம். அமைதியாக, சொன்னதைச் செய்துகொண்டு, நடு வாங்கில் இருக்கும் பிள்ளைதான் வெறும் கட்டமாக நிற்கும்.

அடுத்தது நாட்கணக்கு. முதலாம் தவணை 12 கிழமை என்று திட்டம் போட்டால் உடையும். தைப்பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், சிவராத்திரி, பூரணை நாட்கள், விளையாட்டுப் போட்டிக் கிழமை, தவணைப் பரீட்சை எல்லாம் போக, கையில் நிற்பது 8 கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கோ. கூட ஒன்று கிடைத்தால் விட்டதைப் பிடிக்க உதவும்.

8 கிழமைக்குக் கணக்கு நன்றாகப் பொருந்தும். தரம் 3, 4, 5 பிள்ளைகள் 58 பேரையும் நாலு குழுவாக்குங்கோ, 15, 15, 14, 14. வகுப்பு வகுப்பாகப் பிரிக்காமல் ஒவ்வொன்றிலும் மூன்று தரமும் கலந்திருக்க வேண்டும். நாலு நிலையம்: தோட்டம், கைவேலை, விளையாட்டு, வாசிப்பும் நடிப்பும். ஒரு குழு ஒரு நிலையத்தில் இரண்டு கிழமை, பிறகு அடுத்தது. எட்டாம் கிழமை முடிய எல்லாக் குழுவும் நாலையும் தொட்டிருக்கும். ஒரு கிழமையோடு மாற்றினால் முதல் நாள் பொருள் எடுத்து வைக்கவே நேரம் போய்விடும், பிள்ளை கையில் ஒன்றும் முடிந்திருக்காது. நாலு நிலையத்துக்கு நாலு ஆசிரியர், சின்ன வகுப்புகளுக்கு இருவர். அதிபர் எல்லா இடத்தையும் சுற்றிப் பார்க்கட்டும். ஆசிரியர்கள் நிலையத்தை மாற்ற வேண்டாம். ஒரே வேலையை நாலு குழுவுக்குச் செய்யும்போது நாலாம் தடவை தானாகத் திருந்தியிருக்கும்.

தரம் 1, 2 பிள்ளைகளை இதற்குள் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு 25 நிமிடத்துக்கு மேல் ஒரே வேலை ஓடாது. மணல், களிமண், பாட்டோடு அசைவு, கதை கேட்டல் என்று இரண்டு துண்டாக, இடையில் தண்ணீர் குடிக்க விட்டுச் செய்யலாம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை வேண்டாம். எந்தப் பாடசாலையிலும் முதலில் பறிபோவது அந்த மணித்தியாலம்தான். வான்காரர் படலையில் நிற்பார், பிள்ளைகளின் வரவும் குறைவு, கூட்டம் வைத்தாலும் அந்த நேரத்தில்தான் வைப்பார்கள். செவ்வாய் அல்லது புதன், இடைவேளைக்கு முன்னால் போடுங்கோ. வெயிலும் ஏறியிருக்காது.

வாணி விழாவுக்கும் இதே கொப்பிதான். கோலம், மாலை கட்டுதல், பிரசாதம் பங்கிடுதல், விருந்தினருக்கு நாற்காலி போடுதல் எல்லாம் வேலைதான், எல்லாவற்றுக்கும் திகதி விழ வேண்டும்.

---

மைதானமண்

விளையாட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன். முதலாம் தவணை என்றால் அதுதான் முதலில் தலைக்கு மேல் வரும்.

60 மீற்றர் மைதானத்துக்கு வட்டத் தடம் வேண்டாம். தரம் 1, 2 க்கு 30 மீற்றர், தரம் 3 க்கு 40, தரம் 4, 5 க்கு 50, எல்லாம் நேர் ஓட்டம். தடத்தின் அகலம் பெரியவர்களுக்கு 1.22 மீற்றர். ஆனால் சின்னப் பிள்ளை நேரே ஓடாது, அம்மா நிற்கும் பக்கம் சரிந்துகொண்டு போகும். அதனால் ஒரு தடம் விட்டு ஒரு தடத்தில் நிறுத்தி நாலு நாலு பேராக ஓட விடுங்கோ. மோதல் குறையும். இன்னொன்று, முடிவுக்கோட்டைக் கண்டதும் பிள்ளை அதில் நின்றுவிடும், பின்னால் வருவது முட்டி விழும். கோட்டுக்கு அப்பால் 5 மீற்றரில் ஒரு ரீச்சர் கையை விரித்துக்கொண்டு நிற்கட்டும். "ரீச்சரின் கையைத் தொடு" என்றுதான் சொல்ல வேண்டும். கோட்டைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம்.

கோடு போடச் சுண்ணாம்பு வாங்கினால் நீற்றியதுதானா என்று பாருங்கோ. நீறாத சுண்ணாம்பு ஈரத்தோடு சேர்ந்தால் சூடாகும், வேர்வைக் காலையும் கண்ணையும் சுட்டுவிடும். சந்தேகம் என்றால் வெள்ளை நாடாவை ஆணியால் அடிக்காமல் மண்ணில் புதைத்து விடலாம். முதல் நாள் பின்னேரம் இரண்டு பேர் மைதானம் முழுக்க நடந்து நெருஞ்சியும் போத்தல் துண்டும் பொறுக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள்.

வழமையான வேடிக்கைப் போட்டிகளில் சிலதைத் திருத்த வேண்டும். தேசிக்காயும் கரண்டியும் என்றால் கரண்டி கையில், வாயில் அல்ல. வாயில் கரண்டியோடு விழுந்தால் தொண்டையைக் குத்தும். சாக்கு ஓட்டத்துக்கு உரப்பை புல்லில் வழுக்கும், சணல் சாக்கு எடுங்கோ. 50 கிலோச் சாக்கு தரம் 3 பிள்ளைக்குக் கழுத்துமட்டும் வரும், வாயை வெளிப்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்து இடுப்பளவுக்குக் கொண்டுவாங்கோ. பலூன் உடைப்பதைச் சின்ன வகுப்புகளுக்கு விட்டுவிடுங்கோ, உடைந்த துண்டு வாய்க்குள் போகும்.

இதெல்லாம் சேர்ந்தும் உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. ஓட்டப்போட்டி என்றால் 58 பேரில் வெற்றி பெறுவது ஏழெட்டுப் பேர்தான், மற்றவர்கள் 12 செக்கன் ஓடியதோடு சரி. அதனால் நிலையச் சுற்று முறையை முதன்மையாக எடுங்கோ. உலக மெய்வல்லுநர் அமைப்பின் சிறுவர் திட்டமும் இந்த அடிப்படையில்தான், கலப்பு அணிகளாக எல்லாரும் ஓடி, பாய்ந்து, எறிவார்கள். உங்கள் 58 பேரை 8 அணியாக்கினால் ஏழு ஏழு பேர், இரண்டு அணியில் மட்டும் எட்டு. 8 நிலையம்: நின்ற நிலையில் பாய்தல், சாண் உயரத்தில் வைத்த தடிகளுக்கு மேலால் கால் மாற்றி ஓடுதல், 10 மீற்றர் போய்வந்து கட்டை எடுத்தல், கயிறடித்தல், பழைய ரயருக்குள் பந்து எறிதல், இரு கையாலும் தலைக்குப் பின்னால் இருந்து பந்து எறிதல், ஒற்றைக்காலில் நின்று சமநிலை, 30 மீற்றர் அஞ்சல். ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடம், மாறுவதற்கு ஒன்றரை நிமிடம். ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். நிலையத்துக்கு ஒரு பெரிய ஆள் தேவை, பழைய மாணவர்களிடம் கேளுங்கோ.

புள்ளி இப்படி: பிள்ளை இரண்டு தடவை செய்யும். செய்ததற்கு 1, இரண்டாம் தடவை தன் முதல் அளவைத் தாண்டினால் இன்னும் 1. வேகமான பிள்ளைக்கும் மெதுவான பிள்ளைக்கும் அணிக்குக் கொண்டுவரக்கூடிய புள்ளி சமம். அப்போது அணியே மெதுவான பிள்ளையை உற்சாகப்படுத்தும், கத்திச் சொல்லத் தேவையில்லை. இல்லப் புள்ளியோடும் இதைச் சேர்த்துவிடலாம்.

உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு ஒரு கிழமை முழுக்க இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்துவது வீண். கிழமைக்கு மூன்று நாள், காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு 20 நிமிடம், நாலு கிழமை. மொத்தப் பயிற்சி நேரம் குறைவு, ஆனால் எண்ணிக்கை பிள்ளையின் உடம்பில் தங்கும்.

---

சிறுதுளி

மிக்க நன்றி, கொப்பி முறையை நாளைக்கே தொடங்கலாம் போலிருக்கிறது. பேச்சுத்தான் எனக்குப் பெரிய கவலை. தமிழ்த்தினப் போட்டி என்றால் வீட்டில் எழுதிக் கொடுத்த பேச்சை மனனம் செய்துகொண்டு வருகிறார்கள். நடுவில் மறந்தால் அழுகை. பேசவே மாட்டேன் என்று நிற்கும் பிள்ளைகளை எப்படிக் கொண்டுவருவது?

---

கூத்தரங்கு

சிறுதுளி ரீச்சர், எங்கள் பாடசாலைகளில் முன்னர் தொட்டே இருக்கும் ஒரு வழி உண்டு, மாணவர் மன்றம். பல இடத்தில் பெயருக்குத்தான் நடக்கிறது. அதை உயிர்ப்பித்தால் உங்கள் கவலையில் பாதி தீரும்.

செயற்பாட்டு மணித்தியாலத்துக்குள் வைக்க வேண்டாம். தமிழ்ப் பாடவேளை ஒன்றை இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுங்கோ. கேட்டல், பேச்சு எல்லாம் பாடவிதானத்தில் உள்ளதுதான், யாரும் கேள்வி கேட்க முடியாது. 40 நிமிடத்தில் வணக்கம் 2, தலைவர் உரை 2, சென்ற கூட்ட அறிக்கை 4, நிகழ்ச்சி ஐந்து மூன்று நிமிடப்படி 15, கேள்வி நேரம் 5, விமர்சனம் 5, நன்றியுரை 2. மிச்சம் எழும்பி இருக்கப் போகும். தலைவர், செயலாளர், நிகழ்ச்சி செய்யும் ஐவர், விமர்சகர் இருவர், நன்றியுரை ஒருவர் என்று பத்துப் பொறுப்பு. வகுப்பில் 19 பேர் என்றால் இரண்டு கூட்டத்தில் எல்லாருக்கும் ஒன்று வந்துவிடும். ஒரே தலைவரை வருடம் முழுக்க வைத்தால் மன்றம் செத்துவிடும்.

அறிக்கையை விடாதீர்கள். பலர் நேரம் போகிறது என்று முதலில் வெட்டுவது இதைத்தான். தரம் 4 செயலாளர் எழுதுவது ஆறு வசனம்: "சென்ற கூட்டம் புதன்கிழமை காலை 9.20 இற்கு ஆரம்பமானது. 18 பேர் வந்திருந்தனர்..." வாசித்து முடிய "அறிக்கையில் திருத்தம் உண்டா?" என்று தலைவர் கேட்க வேண்டும். பின் வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பும்: "நான் கதை சொல்லவில்லை, நொடி (விடுகதை) சொன்னேன்." செயலாளர் வெட்டித் திருத்தி, பக்கத்தில் கையொப்பம் வைப்பார். தன்னைப் பற்றி எழுதியது பிழை என்று மரியாதையாக, எல்லாருக்கும் முன்னால் சொல்லப் பழகும் இடம் அது. அந்தப் பிள்ளை தயார் செய்து பேசவில்லை, தேவைக்குப் பேசியது. அதுதான் உண்மையான பேச்சு.

மனனப் பேச்சு ஏன் உடைகிறது? பெரியவர்கள் எழுதிய செந்தமிழ் வசனம் பிள்ளைக்குக் கருத்தாக இல்லை, ஓசையாக இருக்கிறது. ஓசையில் ஒரு மணி அறுந்தால் அடுத்தது எது என்று யோசித்துப் பிடிக்க வழியில்லை. அதனால் முதல் தவணை முழுக்க எழுதிய பேச்சே வேண்டாம். கையில் ஒரு பொருள். சிரட்டை, நீத்துப்பெட்டி, திருகணைத் துண்டு, பூவரசம் இலை எதுவும் சரி. நாலு கேள்வி: இது என்ன, எங்கே எடுத்தாய், எதற்குப் பாவிப்பார்கள், இது இல்லாவிட்டால் என்ன செய்வார்கள்? நாலுக்கும் இரண்டு இரண்டு வசனம் சொன்னால் ஒரு நிமிடப் பேச்சு. மறந்தால் கையில் இருக்கும் பொருளைப் பார்க்கும், சொல் திரும்ப வரும். போட்டிக்குப் போகும் பிள்ளைக்குப் பிறகு எழுதிக் கொடுக்கலாம். அப்போதும் பிள்ளை சொன்னதை நீங்கள் எழுதி எடுத்து, அதையே திருத்திக் கொடுங்கோ. இரண்டு நிமிடத்துக்கு 120, 130 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. கூடினால் ஓடிச் சொல்லும்.

பேசமாட்டேன் என்று நிற்பவருக்குப் படி சின்னதாக இருக்க வேண்டும். முதல் கூட்டத்தில் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும். அடுத்தது கரும்பலகையில் எழுதிய திகதியை வாசிப்பது. அடுத்தது ஒரு நண்பரோடு சேர்ந்து இரண்டு வரி. நாலாவது தனியே ஒரு நொடி, விடை தனக்கு மட்டும் தெரியும் என்ற பலத்தோடு. ஒவ்வொரு படிக்கும் கொப்பியில் திகதி விழட்டும். திக்கிப் பேசும் பிள்ளைக்குக் குழுவாகப் பாவோதல் கொடுங்கோ. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போது திக்கல் குறையும். "ஆறுதலாகச் சொல்லு, மூச்சை எடு" என்று இடையில் சொல்லவேண்டாம், வசனத்தை நீங்கள் முடித்து வைக்கவும் வேண்டாம். முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால் போதும்.

ஒலிவாங்கி விழாவுக்கு மட்டும். வகுப்பில் பின்சுவரில் ஒரு வெண்கட்டிப் புள்ளி போட்டு அதற்குக் கேட்கச் சொல்லுங்கோ. விழாவில் பிள்ளைகளை உயர வரிசையில் மேடைக்கு விட்டால் ஒலிவாங்கியை ஒவ்வொருவருக்கும் ஏற்றி இறக்கத் தேவையில்லை. வாய்க்கும் அதற்கும் ஒரு சாண்.

உடுப்பைப் பற்றி ஒரு சொல். நடனத்துக்கு வாடகை உடுப்பு, நகை, ஒப்பனை என்று காசு கேட்டால், விழாவன்று "காய்ச்சல்" என்று நிற்கும் பிள்ளையின் வீட்டில் காய்ச்சல் இல்லை. வெள்ளைச் சீருடைக்கு மேலே நிறத்தாளால் ஒரு பட்டி, தலைக்கு ஒரு பனையோலை வட்டம். எல்லாருக்கும் ஒன்றாக, பாடசாலைக்குள்ளேயே செய்ததாக இருக்கட்டும்.

---

பாத்திகட்டி

கிணறும் செம்மண்ணும் இருக்கிறது என்றால் தோட்டம் உங்களுக்கு லேசு. பாடசாலைத் தோட்டம் பிழைப்பது ஆசை இல்லாததால் அல்ல, பயிர் தவணைக்குள் அடங்காததால். கத்தரி நாற்றுமேடையில் ஒரு மாதம், நட்ட பிறகு இரண்டு மாதம். காய்க்கும் நேரம் லீவு வந்துவிடும், படலை திறந்து கிடக்கும், ஆடு வந்துவிடும். முதல் தவணைக்கு முளைக்கீரையும் வெண்டியும் போதும். கீரை 25 தொடக்கம் 30 நாளில் பிடுங்கலாம், வெண்டி 45, 50 நாளில் முதல் காய் தரும். குழு மாறினாலும் ஒவ்வொரு குழுவும் ஒரு விதைப்பையோ ஒரு அறுவடையையோ காணும்.

பாத்தி 1 மீற்றர் அகலம், 3 மீற்றர் நீளம். அகலம் கூடினால் பிள்ளையின் கை நடுவுக்கு எட்டாது, உள்ளே மிதித்து மண்ணை இறுக்கிவிடும். தை, மாசியில் நிலமட்டத்துக்குக் கீழே வரம்பு கட்டிய பாத்தி, தண்ணீர் நிற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் அதே பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கோ, இல்லாவிட்டால் வேர் அழுகும்.

கீரை விதை பொடி. ஒரு தேக்கரண்டி விதைக்குப் பத்துத் தேக்கரண்டி உலர்ந்த மணல் கலந்து தூவினால்தான் சமனாக விழும், இல்லாவிட்டால் ஒரு மூலையில் காடு, மறுமூலையில் வெட்டை. மேலே மண் அரைச் சென்ரிமீற்றர் மட்டும். எறும்பு விதையை இழுக்கும், பாத்தி ஓரத்தில் கொஞ்சம் குறுணல் தூவிவிடுங்கோ, அதைக் காவிக்கொண்டு போகும். முதல் பத்து நாளும் வாளியால் ஊற்ற விடக்கூடாது, விதை எல்லாம் ஓரத்துக்கு அடிபட்டுப் போகும். ஒன்றரை லீற்றர் போத்தல் மூடியில் ஆசிரியர் சூடாக்கிய ஊசியால் பத்துத் துளை போட்டுக் கொடுத்தால் அது பூவாளி.

தண்ணீர்க் கணக்கை வகுப்புக்குக் கொண்டுபோங்கோ. வெயில் நாளில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 5 லீற்றர். பாத்தி 3 சதுர மீற்றர், ஆக 15 லீற்றர். ஒரு பிள்ளை சிந்தாமல் காவக்கூடியது இரண்டரை லீற்றர், அப்போது நாளுக்கு எத்தனை பேர் முறை? ஆறு. தரம் 4 பிள்ளை இதைத் தானே கண்டுபிடித்தால் முறைப்பட்டியலையும் தானே எழுதும். கிணற்றடிக்குப் பிள்ளைகள் போகக்கூடாது. பெரியவர் தண்ணீரை எடுத்துத் தொட்டியில் விட, பிள்ளைகள் தொட்டியில் இருந்து எடுக்கட்டும். வேலை முடிய ரின், சிரட்டை, போத்தல் எல்லாம் கவிழ்த்து வைக்க ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கோ, நுளம்பு பெருகும்.

வடலி நிற்கிறது என்றீர்கள். மூன்றாம் தவணைக்குப் பனங்கிழங்கு எடுக்கப் பனம்பாத்தி போடுங்கோ, இதைவிடப் பொருத்தமான பாடசாலைப் பயிர் எங்களுக்கு இல்லை. ஆவணி, புரட்டாதியில் பெரிய பனைகளின் கீழே விழுந்த பனங்கொட்டைகளைப் பிள்ளைகள் பொறுக்கலாம். முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று குவித்து மேடை கட்டி, மேலே கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடவேண்டும். ஒரு சதுர மீற்றருக்கு 80, 100 கொட்டை பிடிக்கும். மண் இறுகியிருந்தால் கிழங்கு வளைந்து, கிண்டும்போது முறியும், பிழை வருவது அந்த ஒரு இடத்தில்தான். பிறகு மாரி மழை பார்த்துக்கொள்ளும். மார்கழி லீவில் தண்ணீர் ஊற்ற ஆள் தேவையில்லை. தை, மாசியில் கிண்டி அவிக்கலாம், கொஞ்சத்தை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். போட்ட பிள்ளையே அடுத்த வகுப்புக்கு ஏறி வந்து கிண்டும்.

---

கல்வியங்காடு அம்மா

தாயாக ஒன்று கேட்கிறேன். தரம் 5 பிள்ளைகளையும் இதற்குள் இழுக்க வேண்டுமா? புலமைப்பரிசில் வருடம். 200 புள்ளிக்கு ஒவ்வொரு புள்ளியும் கணக்கு. பரீட்சை முடிந்த பிறகு செய்யலாமே. இன்னொன்று, போட்டி இல்லாமல் எல்லாரும் சமம் என்று விட்டால் திறமையான பிள்ளை பின்தங்கிப் போகாதா?

---

வடலி

இரண்டும் நியாயமான கேள்வி அம்மா.

தரம் 5 ஐ எடுத்துவிட்டால் கலப்புக் குழுவில் வழிகாட்டும் கை போய்விடும். அவர்களுக்கு வீட்டில் பழக வேண்டிய எதையும் கொடுக்காமல் விடலாம். நடனம், நீண்ட மனனம், பாடசாலை முடிந்த பின் ஒத்திகை மூன்றும் வேண்டாம். குழுத் தலைவர், அளவெடுப்பவர், பதிவெழுதுபவர் என்ற பொறுப்பு அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே முடிந்துவிடும். தோட்டமும் கைவேலையும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தோடு ஒட்டியவைதான், பாடத்திட்டக் குறிப்பில் அப்படியே எழுதலாம். பரீட்சைக்கு முந்திய ஒரு மாதத்தில் மன்றத்தை மட்டும் நிறுத்தலாம். விளையாட்டை நிறுத்தவேண்டாம். காலை முழுக்க வினாத்தாளோடு இருக்கும் பிள்ளைக்கு அது தேவை.

போட்டியை விடச் சொல்லவில்லை. தமிழ்த்தினம் கோட்டம், வலயம், மாகாணம் என்று மேலே போகும் போட்டி, அதற்குத் திறமையான பிள்ளையைத்தான் அனுப்ப வேண்டும். கொப்பி விதி பாடசாலைக்குள் நடப்பதற்கு. பாடசாலைக்குள் எல்லாரையும் பேச விட்டால் தெரிவு செய்ய 58 பேர் இருப்பார்கள். இப்போது பத்துப் பேருக்குள்தான் தேடுகிறோம்.

சிறுதுளி ரீச்சருக்கு இன்னும் ஒன்று, தேர்ச்சி அறிக்கையில் பிள்ளையைப் பற்றி எழுதுவது. "நல்ல பிள்ளை", "ஒத்துழைப்பு உண்டு", "இன்னும் முன்னேறலாம்" என்பவற்றால் வீட்டில் ஒரு பயனும் இல்லை, எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். கண்டதை எழுதுங்கோ, இரண்டு வரி போதும்: "மாசி மாதம் மன்றத்தில் தானாகக் கை உயர்த்தி இருமுறை கேள்வி கேட்டார். தோட்டத்தில் தன் முறை இல்லாத நாளிலும் போத்தல்களைக் கவிழ்த்து வைத்தார்." குறை என்றாலும் அப்படியே: "குழு விளையாட்டில் தோற்றால் விலகி நிற்கிறார். மூன்றாம் தடவை ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்து சேர்ந்தார்." இதற்குத் தனிக் குறிப்பு வேண்டாம். சீ.ஆர் கொப்பியின் வலப்பக்கத்தை வெறுமையாக விட்டு வையுங்கோ. ஒவ்வொரு செயற்பாட்டு நாளும் நிலையத்துக்கு இரண்டு பிள்ளையின் பெயரை முதலே குறித்துக்கொண்டு போய் அவர்களை மட்டும் கவனித்து ஒரு வரி எழுதினால், நாலு நிலையத்துக்கு எட்டுப் பிள்ளை, 8 கிழமையில் 64 வரி. 58 பிள்ளைக்கும் வந்துவிடும், வராத பிள்ளைக்கும் இரண்டாவது தடவை பார்க்க இடம் இருக்கும்.

ஒத்திகைக்கு யாரையாவது பாடசாலை முடிந்த பின் மறிப்பதென்றால் முதல் நாளே வீட்டுக்கு எழுத்தில் போக வேண்டும், எத்தனை மணிக்கு விடுவோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் நிற்க வேண்டும், கடைசிப் பிள்ளை படலையைத் தாண்டும்வரை.

---

சிறுதுளி

குழுக்களை 15, 15, 14, 14 என்று பிரித்துவிட்டேன். புதன்கிழமை 9.20 என்று அதிபர் நேரசூசியில் போட்டிருக்கிறார். முதல் இரண்டு கிழமைக்கு வெண்டி விதையும் சணல் சாக்கும் சேர்க்கிறோம். பனம்பாத்திக்கு வடலிகளின் வடக்குப் பக்கம் மண்ணைக் கொத்தி வைக்கலாமா, அல்லது புரட்டாதி வரை பொறுக்க வேண்டுமா?

---

பாத்திகட்டி

இப்போது கொத்தினால் மழை வருமுன் திரும்ப இறுகிவிடும். ஆவணிக் கடைசியில் கொத்துங்கோ. இப்போதைக்கு அந்த இடத்தில் உதிரும் பூவரசம் இலையும் கூட்டிய குப்பையும் போட்டு மூடி வையுங்கோ. பனை வேர் நெருக்கமாக இருக்கும், மேடையை மரத்தில் இருந்து இரண்டு மூன்று மீற்றர் தள்ளிக் கட்டுங்கோ.